சல்லடை அடைத்துக்கொண்டால் உலை என்னாகும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தைப்பூசம் முடிந்த இரண்டாம் வாரம் பினாங்கின் ஜார்ஜ்டவுனில் எங்கள் வாசகர் வட்டத்தில் அணுமின் நிலையங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் அணு விஞ்ஞானி அல்ல. பிறைப் பக்கம் ஒரு மின்நிலையத்தில் 31 வருடம் பம்பும் வால்வும் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். "எனக்கு அணுவைத் தெரியாது, பம்பைத்தான் தெரியும்" என்றேன். "அப்போ பம்பைப் பத்தியே பேசுங்க அண்ணே" என்றார்கள். அதனால் அணு உலையின் அவசரப் பம்புக்கு முன்னால் நிற்கும் ஒரு சல்லடையைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தேன். அன்று எழுந்த கேள்விகளும் பிறகு வாட்ஸ்அப்பில் வந்தவையும் கீழே இருக்கின்றன. சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றில் கொஞ்சம் நேரம் உட்கார வேண்டியிருந்தது.

உலையைத்தான் நிறுத்திவிடுகிறார்களே, அதற்குப் பிறகும் தண்ணீர் எதற்கு?

உலையை நிறுத்தினால் பிளவு நின்றுவிடும், சூடு நிற்காது. ஏற்கனவே பிளந்துபோன அணுக்களின் துண்டுகள் தாமாகவே சிதைந்துகொண்டு வெப்பத்தைக் கக்கும். அதை எந்தப் பொத்தானாலும் நிறுத்த முடியாது.

கணக்குக்கு 3,000 மெகாவாட் வெப்பம் தரும் ஓர் உலையை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுத்திய கணத்தில் சுமார் 200 மெகாவாட் மிஞ்சும். ஒரு மணி நேரம் கழித்து 40க்குப் பக்கம் வரும். ஒரு நாள் ஆன பிறகும் சுமார் 15 மெகாவாட் இருக்கும். நம் சிலாங்கூரில் பாங்கி என்ற ஊரில் இருக்கும் ஆராய்ச்சி உலை முழு வேகத்தில் ஓடும்போதே 1 மெகாவாட்தான். அதைப் போலப் பதினைந்து உலை, அணைத்த மறுநாளும், மூடிய ஒரு பாத்திரத்துக்குள்! தண்ணீர் வற்றினால் எரிபொருள் குழாய்கள் வெந்து, வெடித்து, உருகும். ஆகவே நாள்கணக்கில் தண்ணீர் ஓடியாக வேண்டும்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஆற்றிலிருந்தா?

இல்லை. பலரும் தடுமாறுவது இங்கேதான்.

உலகில் அதிகம் இருப்பது, தண்ணீரைக் கொதிக்க விடாமல் அழுத்தத்தில் வைக்கும் அழுத்தநீர் உலை. அதில் பெரிய குழாய் ஒன்று உடைந்தால், முதலில் வெளியே இருக்கும் ஒரு பெரிய தொட்டியிலிருந்து போரிக் அமிலம் கலந்த தண்ணீரை உள்ளே தள்ளுவார்கள். ஆயிரம் கன மீட்டருக்கு மேல் கொள்ளும் தொட்டி அது. பெரிய உடைப்பு என்றால் அரை மணி நேரத்துக்குச் சற்று முன்பின் அது காலியாகிவிடும். அதற்குள் அத்தனை தண்ணீரும் உடைந்த வாய் வழியாகக் கொட்டி, கட்டடத்தின் தரைமட்டத்தில் குளமாக நிற்கும். தரையின் தாழ்வான இடத்தில் ஒரு குழி இருக்கும், நாங்கள் சம்ப் என்போம். அங்கிருந்து அதே தண்ணீரை உறிஞ்சி, ஆறவைத்து, மறுபடி உலைக்குள் அனுப்புவார்கள். அது திரும்ப உடைப்பு வழியே கொட்டும், திரும்பச் சம்புக்கு வரும். இப்படி 30 நாள் ஓட வேண்டும் என்று வைத்துத்தான் வடிவமைப்பாளர்கள் வழக்கமாகக் கணக்குப் போடுகிறார்கள்.

அதாவது தரையைக் கழுவிய தண்ணீரையே உலைக்குக் குடிக்கக் கொடுக்கிறோம். அந்தச் சம்பின் வாயில்தான் நம் சல்லடை நிற்கிறது.

உலைக்குள்ளேயே தண்ணீரைக் கொதிக்க விடும் கொதிநீர் உலையில் ஏற்பாடு கொஞ்சம் வேறு. நீராவியை அமிழ்த்தி அடக்க அடியில் ஒரு பெரிய தண்ணீர்க் குளம் எப்போதும் இருக்கும், உறிஞ்சல் அதிலிருந்து. தொல்லை ஒன்றுதான்.

அணு உலைக் கட்டடம் ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக இருக்குமே, குப்பை எப்படி வரும்?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சுத்தமாகத்தான் இருக்கும், குழாய் உடையும் வரை.

குழாய்களுக்குள் ஓடுவது சுமார் 300 டிகிரி வெந்நீர். அழுத்தம் 150 பாருக்கு மேல். நம் கார் டயரில் இருப்பது 2 சொச்சம் பார். இப்படிப்பட்ட குழாய் பிளந்தால் பாய்ந்து வரும் நீராவி சுற்றியிருப்பதை உரித்துவிடும். முதலில் போவது குழாய்கள் மேல் சுற்றியிருக்கும் வெப்பக்காப்பு. சைட்டில் லேகிங் என்போமே, அது. கண்ணாடிநார்ப் பஞ்சு, பாறைநார், சுண்ணாம்பு கலந்த கால்சியம் சிலிக்கேட், மெல்லிய உலோகத் தகடு என்று பல வகை உண்டு. நார் வகைகள் பிய்ந்து கஞ்சியில் மிதக்கும் நூல்போல் ஆகிவிடும். கால்சியம் சிலிக்கேட் பொடியாகிவிடும். சுவர், தூண்களில் அடித்த பெயின்ட் சில்லு சில்லாக உதிரும். அதோடு துரு. அதோடு மூலையில் உட்கார்ந்திருக்கும் சாதாரணத் தூசி, ஒட்டுத்தாள், கேபிள் கட்டும் டேப், தொழிலாளி மறந்துவிட்டுப் போன பிளாஸ்டிக் பை.

கடைசியில் சொன்னவற்றைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். கணக்குப் போடுகிறவர்கள் சிரிப்பதில்லை. தரையிலும் கேபிள் தட்டுகளிலும் படிந்த தூசியைச் சதுர மீட்டர் கணக்கில் துடைத்து, எடை போட்டு, அதில் 15 விழுக்காடு நார் என்று வைத்துக்கொள்கிறார்கள். நம் உடுப்பிலிருந்தும் முடியிலிருந்தும் உதிர்வதெல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும்.

இது நிஜமாக எங்கேயாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. ஸ்வீடனில், பார்செபெக் நிலையத்தின் இரண்டாம் உலையில், 1992 ஜூலை 28 அன்று. கடலுக்கு அந்தப் பக்கம் கோபன்ஹேகன் நகரம் தெரியும் இடம் அது. ஆண்டுப் பராமரிப்பு முடிந்து உலையை மெல்ல ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அழுத்தம் ஏறக்குறைய 30 பார். அப்போது ஒரு பாதுகாப்பு வால்வு தானாகத் திறந்துகொண்டது. குழாய் உடையவில்லை, வால்வு திறந்தது, அவ்வளவுதான். அந்த நீராவி நேராகப் பக்கத்துக் குழாய்களின் லேகிங் மேல் அடித்தது. சுமார் 200 கிலோ பாறைநார் பிய்ந்து விழுந்தது. அதில் ஏறக்குறைய பாதி, கீழே குளத்துக்கு அடித்துச் செல்லப்பட்டது.

வடிகட்டிகளைப் பின்னோக்கிக் கழுவ வேண்டிய நிலை வருவதற்குப் பத்து மணி நேரம் ஆகும் என்று பழைய கணக்கு சொன்னது. ஒரு மணி நேரச் சுமாரிலேயே இரண்டு வடிகட்டிகள் அடைத்துக்கொண்டு எச்சரிக்கை வந்துவிட்டது. கழுவும் வசதி இருந்ததால் பணியாளர்கள் கழுவிவிட்டார்கள். கதிர்வீச்சு எதுவும் வெளியே போகவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஸ்வீடன் தன் பழைய ஐந்து கொதிநீர் உலைகளை நிறுத்தி வைத்து, வடிகட்டிகளை மாற்றிய பிறகே ஓட விட்டது.

எனக்குப் பிடித்தது அந்த முடிவுதான். ஒன்றும் ஆகவில்லையே என்று தோளைத் தட்டிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை.

ஸ்வீடன் மட்டும்தானா?

அமெரிக்காவிலும் உண்டு, அவை இன்னும் வேடிக்கையானவை. 1993-இல் ஒஹாயோ மாநிலத்துப் பெர்ரி நிலையத்தில், காற்றை வடிகட்டப் பயன்படுத்திய பஞ்சு குளத்தில் விழுந்து, தண்ணீர் வடிகட்டியில் போய் ஒட்டிக்கொண்டது. குளத்தில் இருந்த துருத்தூளையெல்லாம் அந்தப் பஞ்சு பிடித்து வைத்துக்கொண்டது. ஒரு வடிகட்டி இன்னொரு வடிகட்டியை அடைத்த கதை! உறிஞ்சல் வேகத்தில் இரும்புச் சல்லடையே நெளிந்துபோயிருந்தது.

1995 செப்டம்பர் 11 அன்று பென்சில்வேனியாவின் லிமெரிக் நிலையத்தில் ஒரு வால்வு திறந்துகொண்டது. அங்கே லேகிங் மேல் நீராவி படவே இல்லை, அது குழாய் வழியாக நேரே குளத்துக்குள் போய்விட்டது. குளத்தை ஆறவைக்கப் பம்பை ஓட்டினார்கள். அரை மணி நேரத்தில் பம்பின் மோட்டார் மின்னோட்டம் ஏறி இறங்கத் தொடங்கியது. திறந்து பார்த்தால் சல்லடை மேல் கம்பளி விரித்ததுபோல் நாரும் சேறும். பிறகு குளத்தைச் சுத்தம் செய்தபோது ஈரத்தோடு 635 கிலோ அளவுக்குக் குப்பை எடுத்தார்கள். விபத்து உண்டாக்கிய குப்பை அல்ல, ஏற்கனவே கிடந்த குப்பை.

குப்பை குறைவாக இருந்தால் ஆபத்தும் குறைவுதானே?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ரத ஊர்வலப் பாதையில் வசிப்பவர். அவருக்கு அங்கேயே பதில் இருக்கிறது என்றேன்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் ரதத்துக்கு முன்னால் எத்தனை தேங்காய் உடைக்கிறோம்? தெருவே வெள்ளையாகிவிடும். மறுநாள் தெருவைக் கழுவும்போது லோங்காங் (சாக்கடை) கம்பிவாயைப் போய்ப் பாருங்கள். சிரட்டை துண்டு துண்டாகக் குவிந்து கிடக்கும், ஆனால் தண்ணீர் இடுக்கு வழியாக இறங்கிக்கொண்டே இருக்கும். இன்னொரு வாயில் சிரட்டையே இருக்காது. தேங்காய்க் குடுமி நார் மட்டும் கம்பியில் மெல்லிசாகப் படிந்திருக்கும். அதன் மேல் திருநீறும் சூடக்கரியும் பூவிதழும் வந்து அப்பிக்கொள்ளும். அங்கே தண்ணீர் முழங்கால் அளவு தேங்கி நிற்கும்.

உலைச் சல்லடையிலும் இதேதான். வெறும் நார் என்றால் கெட்டியான மெத்தையாகப் படிந்தாலும் தண்ணீர் புகுந்து போகும். வெறும் தூள் என்றால் துளை வழியாகப் போய்விடும். மெல்லிய நார்ப்படலம் ஒன்று, 3 மில்லிமீட்டர் கனம் போதும், முதலில் படிந்து, பிறகு தூள் வந்து அதன் இடுக்குகளை நிரப்பினால், சல்லடை மேல் சிமென்ட் பூசியது மாதிரிதான். அதனால் இந்தத் துறையில் சோதனை செய்கிறவர்கள் மிக அதிகக் குப்பையைக் கொட்டிப் பார்த்ததோடு நிறுத்துவதில்லை. கொஞ்சம் நார், நிறையத் தூள் என்ற கலவையையும் தேடித் தேடிக் கொட்டிப் பார்க்கிறார்கள்.

சல்லடை முழுக்க அடைக்கவில்லையே. பாதித் தண்ணீர் போனாலும் போதாதா?

உலைக்கு ஒருவேளை போதும். பம்புக்குப் போதாது. இது என் பேட்டை, கொஞ்சம் நீட்டுகிறேன்.

பம்பு தண்ணீரை இழுக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் பம்பு தன் வாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது, வெளியே இருக்கும் காற்றின் அழுத்தமும் தண்ணீரின் சொந்த எடையும்தான் தண்ணீரை உள்ளே தள்ளுகின்றன. பினாங்கு ரோட்டில் ஸ்ட்ரா போட்டுச் சென்டோல் என்ற பனிப்பானம் குடிக்கும்போது அதிலுள்ள பச்சை மாவு நூல் ஒன்று வாயில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகிறது? இன்னும் பலமாக உறிஞ்சுகிறோம், ஸ்ட்ரா சப்பிப்போகிறது. பெர்ரியில் இரும்புச் சல்லடை நெளிந்ததும் அப்படித்தான்.

சென்டோல் ஜில்லென்று இருக்கும். சம்பில் இருக்கும் தண்ணீரோ கொதிநிலைக்குப் பக்கத்தில் இருக்கும். அதன் அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலே பம்பின் வாயில் அது கொதித்துக் குமிழியாகிவிடும். பம்பின் சக்கரம் தண்ணீருக்குப் பதில் நீராவிக் குமிழிகளை அடிக்கும், குமிழிகள் வெடித்து இரும்பைத் தின்னும். இதைக் கேவிட்டேஷன் என்பார்கள். இது வராமல் இருக்கப் பம்பின் வாயில் எவ்வளவு அழுத்தம் மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு, என்.பி.எஸ்.எச். என்று சுருக்கமாகச் சொல்வோம். சில நிலையங்களில் அந்த மிச்சம் ஒரு முழ உயரத் தண்ணீருக்கும் குறைவு. சல்லடையில் படியும் குப்பை அந்த ஒரு முழத்தைத் தின்றுவிட்டால் போதும். முழுக்க அடைக்கத் தேவையே இல்லை.

அந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். அணு உலையில் அல்ல, எங்கள் நிலையத்தில், ஒரு ஷட்டவுன் முடிந்து ஓட்டிய முதல் ராத்திரி. பம்புக்குள் யாரோ சரளைக்கல்லை அள்ளிப் போட்டதுபோல் கரகரவென்றது. அம்மீட்டர் முள் ஆடியது. நிறுத்தி ஸ்ட்ரெய்னரைத் திறந்தால், எண்ணெய் துடைக்கிற கந்தல் துணி, நாங்கள் காயின் புருக் என்போம், ஒன்று பந்தாகச் சுருண்டு கிடந்தது. வேலை முடிந்து பைப்பை மூடியவர்கள் உள்ளே பார்க்கவில்லை. மூடும்போது கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். எங்களுக்குப் போனது ஒரு ராத்திரி. பம்பை நிறுத்தவும் ஸ்ட்ரெய்னரைத் திறக்கவும் எங்களால் முடிந்தது. விபத்து நடந்த அணு உலைக் கட்டடத்துக்குள் போய் யார் திறப்பது?

அப்படியானால் துளையைப் பெரிதாக்கிவிடலாமே?

செய்யலாம். குப்பை சல்லடையைத் தாண்டி உலைக்கே போகும். எரிபொருள் குழாய்களைச் சேர்த்துக் கட்டிய எரிபொருள் கட்டுகளின் அடியில் இருக்கும் வாய்கள் மிகவும் குறுகியவை, அங்கே போய் அடைக்கும். அமெரிக்காவில் செய்த சோதனைகளின் முடிவில், ஓர் எரிபொருள் கட்டுக்கு 15 கிராம் நார் வரை பாதகமில்லை என்று ஒரு வரம்பு வந்தது. 15 கிராம் என்றால் தலையணையிலிருந்து பிய்த்த ஒரு பிடிப் பஞ்சு. பெரிய உலையில் 193 கட்டுகள் இருக்கும், மொத்தமாக 3 கிலோகூட இல்லை.

தண்ணீரில் கலந்திருக்கும் ரசாயனத்தால் ஏதும் சிக்கல் உண்டா? (படிவம் 5 மாணவி கேட்டது)

அம்மா, அன்று வந்த கேள்விகளில் சிறந்தது இதுதான். பொறியாளர்களுக்கே இது 2000-க்குப் பிறகுதான் சரியாக உறைத்தது.

அந்தத் தண்ணீரில் போரிக் அமிலம் இருக்கிறது. வெளிப்படும் கதிரியக்க அயோடின் காற்றில் பறக்காமல் தண்ணீரிலேயே தங்க வேண்டும் என்று அமிலத்தைச் சமன்படுத்த இன்னொரு பொருளையும் கலப்பார்கள். சில நிலையங்களில் காஸ்டிக் சோடா, சிலவற்றில் டிரைசோடியம் பாஸ்பேட், சிலவற்றில் போராக்ஸ் வகை. நல்ல எண்ணத்தில் சேர்த்ததுதான். ஆனால் பாஸ்பேட் இருக்கும் தண்ணீரில் கால்சியம் சிலிக்கேட் லேகிங் கரைந்தால், கால்சியம் பாஸ்பேட் வெள்ளையாகத் திரியும். காஸ்டிக் சோடா இருந்தால் கட்டடத்திலுள்ள அலுமினியம் கரையும். தண்ணீர் சூடாக இருக்கும்வரை கரைந்தே இருக்கும், ஆற ஆறக் கூழாகப் பிரியும். அதாவது, ஆபத்து தணிந்தது என்று மூச்சு விடும் நேரத்தில் வரும்.

2005-இல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் ஐந்து வகைத் தண்ணீரை லேகிங், அலுமினியம், கான்கிரீட் துண்டுகளோடு சேர்த்து, ஒவ்வொன்றையும் 30 நாள் சூடாக்கிச் சுழற்றிப் பார்த்தார்கள். சிலவற்றில் அந்த வெள்ளைக் கூழ் கண்ணுக்குத் தெரியும்படியே வந்தது. தேங்காய்ப்பாலை நேற்றுத் துணியில் வடிகட்டிக் கழுவ மறந்தவர்களுக்கு, இன்று அந்தத் துணி எப்படி இருக்கும் என்று தெரியும். நார், தூள், மேலே கூழ். மூன்றும் சேர்ந்தால் தண்ணீர் போக வழியே இல்லை.

இவ்வளவு எளிய விஷயத்தை ஆரம்பத்திலேயே யோசிக்கவில்லையா?

யோசித்தார்கள், ஆனால் ஒரு தோராயக் கணக்கில் முடித்துக்கொண்டார்கள். 1974-இல் அமெரிக்காவின் அணு ஒழுங்குமுறை அதிகாரிகள் வெளியிட்ட வழிகாட்டி, சல்லடையில் பாதி அடைத்துக்கொள்ளும் என்று வைத்துக் கணக்குப் போடச் சொன்னது. பாதிப் பரப்பு மூடும், பாதிப் பரப்பு சுத்தமாகத் திறந்தே இருக்கும் என்பது காகிதத்தில் நடக்கும். நிஜத்தில் தண்ணீர் எங்கே சுலபமாகப் போகிறதோ அங்கேதான் குப்பையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அதனால் முழுப் பரப்பிலும் சமமாகப் படியும். 1985-இல் அந்த 50 விழுக்காடு சரியில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டு வழிகாட்டியைத் திருத்தினார்கள், ஆனால் ஏற்கனவே ஓடிய நிலையங்களை மாற்றச் சொல்லவில்லை. பார்செபெக் நடந்தது அதற்கு ஏழு வருடம் கழித்து.

1996-இல் கொதிநீர் உலைகளுக்குப் பெரிய வடிகட்டி போடச் சொன்னார்கள். அதே ஆண்டு அழுத்தநீர் உலைகளுக்காகப் பொதுப் பாதுகாப்புப் பிரச்சினை எண் 191 என்று ஒரு கோப்பைத் திறந்தார்கள். 2004 செப்டம்பரில் 69 உலைகளுக்கும் கடிதம் போனது, 2007 முடிவுக்குள் சரிசெய்யும்படி. பல நிலையங்களுக்கு அது முடியவில்லை. ரசாயனக் கூழும் எரிபொருள் அடைப்பும் புதுப் புதுக் கேள்விகளாக வந்துகொண்டே இருந்தன.

தாமதத்துக்குச் சோம்பல் மட்டும் காரணம் என்று சொன்னால் அநியாயம். லேகிங் முழுவதையும் உரித்து மாற்றலாம், ஆனால் உரிக்கப் போகிற ஆள் கதிர்வீச்சில் நின்று உரிக்க வேண்டும். நடக்காமலே போகக்கூடிய ஒரு விபத்துக்காக இன்றைய தொழிலாளியின் உடம்பில் எவ்வளவு ஏற்றலாம்? இந்தக் கேள்விக்குச் சுலபமான விடை என்னிடம் இல்லை. ஆனாலும் 1974-க்கும் 2004-க்கும் இடையே 30 வருடம் என்பது, பம்பு பார்த்தவன் கணக்கில், அதிகம்.

கடைசியில் என்னதான் செய்தார்கள்?

பெரிதாக்கினார்கள். ஒஹாயோவின் டேவிஸ்-பெஸி நிலையம், 2002-இல் போரிக் அமிலம் உலை மூடியையே அரித்துக் குழியாக்கிய இடம், அந்தப் பழுதுபார்ப்பின்போது சம்புச் சல்லடையையும் மாற்றியது. முன்பு இருந்தது சுமார் 50 சதுர அடி, ஒரு சின்னக் குளியலறைத் தரை. மாற்றியது சுமார் 1,200 சதுர அடி, ஒரு பெரிய அடுக்குமாடி வீட்டின் பரப்பு. அவ்வளவு பரப்பைத் தரையில் விரிக்க இடம் இருக்காது. ஆகவே துளையிட்ட தகடுகளைத் தட்டு அடுக்கியதுபோலவோ குழல்களாகவோ பைகளாகவோ மடித்து வைப்பார்கள். துளைகள் பெரும்பாலும் 2 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். பரப்பு கூடினால் ஒவ்வோர் இடத்திலும் தண்ணீரின் வேகம் குறையும், குப்பை வழியிலேயே தரையில் படிந்துவிடும்.

மற்றபடி, நார் லேகிங்கை எடுத்து உலோகத் தகடு வகை போட்டார்கள், பாஸ்பேட்டுக்குப் பதில் வேறு பொருள் மாற்றினார்கள், தரை கூட்டுவதற்கு விதி எழுதினார்கள்.

ஜெல்லிமீன் வந்து அணு உலையை நிறுத்தியது என்று படித்தேனே, அது இதுவா? (தெலுக் பஹாங்கிலிருந்து)

அது வேறு சல்லடை. நீங்கள் சொல்வது கடலிலிருந்து தண்ணீர் எடுக்கும் வாயில் இருக்கும் சுழலும் சல்லடை. 2013-இல் ஸ்வீடனின் ஆஸ்கர்ஷாம் மூன்றாம் உலையை ஜெல்லிமீன் கூட்டம் நிறுத்த வைத்தது. 2011-இல் ஸ்காட்லாந்தின் டார்னஸ் நிலையத்திலும் அப்படியே. தமிழ்நாட்டில் கல்பாக்கத்துக்காரர்களுக்கும் சொறிமீன் பழைய தலைவலிதான். அனல் மின்நிலையம் நடத்தும் எவருக்கும் அது புதிதல்ல. நாங்கள் சிப்பி, பிளாஸ்டிக், மரக்கட்டை எல்லாம் வாரியிருக்கிறோம். அங்கே சல்லடை அடைத்தால் உலையை நிறுத்திவிட்டு வாரலாம். சம்புச் சல்லடை வேலை செய்யத் தொடங்குவதே எல்லாம் நின்றுபோன பிறகுதான்.

ஃபுகுஷிமாவில் சல்லடை அடைத்ததா?

இல்லை. 2011 மார்ச் 11 அன்று அங்கே போனது மின்சாரம்.

ஆனால் 1979-இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் விபத்தைப் பாருங்கள். நீராவிப் பக்கத்துத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் தொட்டியில் ரெசின் மணிகள் அடைத்துக்கொள்ள, அந்த அடைப்பை எடுக்கப் போராடியதில்தான் எல்லாம் தொடங்கியது. வடிகட்டி விஷயத்தில் எனக்கு இருக்கும் பயபக்திக்கு இதுவும் ஒரு காரணம்.

பாங்கியில் இருக்கும் உலைக்கு இந்த ஆபத்து உண்டா?

கிடையாது. ரியாக்டர் திரிகா புஸ்பாத்தி, 1982 ஜூன் 28 முதல் இயங்குவது, திறந்த தண்ணீர்க் குளத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. அழுத்தமும் இல்லை, வெடிக்கக் குழாயும் இல்லை. சூடான தண்ணீர் தானே மேலேறி, குளிர்ந்தது தானே கீழிறங்கி ஆறவைக்கிறது.

13-ஆவது மலேசியத் திட்டத்தில் அணுசக்தி என்கிறார்களே. சிறிய உலை வந்தால் இந்தத் தொல்லை இருக்காதாமே?

வகையைப் பொறுத்தது. நூஸ்கேல் என்ற சிறிய உலை வடிவமைப்பில் உலையைச் சுற்றிக் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக வைப்பதால் லேகிங்கே தேவையில்லை. ஃபிளாஸ்க் குடுவை தத்துவம்தான். பிய்வதற்கு நார் இல்லை. பெரிய உலைகளில் ஏபி-1000 என்பதும் உலோக லேகிங் வைத்து, பம்பு இல்லாமல் புவியீர்ப்பில் தண்ணீர் விடுகிறது. பம்பு இல்லாததால் தண்ணீரைத் தள்ளும் சக்தியும் குறைவு, சல்லடையில் கொஞ்சம் அடைத்தாலும் தாங்காது. எனவே கட்டடத்துக்குள் தூசியும் மற்ற குப்பையும் மொத்தம் 59 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது, அதில் நார் 3 கிலோவுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். 60 வருடம் ஓடும் என்று கட்டும் ஒரு கட்டடத்தில், ஒவ்வொரு பராமரிப்புக்கும் நூற்றுக்கணக்கான ஆட்கள் உள்ளே போய் வரும்போது, அந்த 3 கிலோவைக் காப்பாற்ற வேண்டும்.

யாராவது உலை விற்க வந்தால் நான் முதலில் இதைத்தான் கேட்பேன்: பராமரிப்பு முடிந்து கதவை மூடும்முன் கடைசியாக உள்ளே சுற்றிப் பார்க்கிறவர் யார், அவருக்கு மேலதிகாரியிடம் "இன்னும் மூடாதீர்கள்" என்று சொல்ல அதிகாரம் உண்டா? கூலியில் ஆள் எடுத்து, மூன்றாம் கைக் காண்டிராக்டரிடம் சுத்தம் செய்யும் வேலையைக் கொடுக்கும் நம் பழக்கம் எனக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தோடு அணு உலையை ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை.

அப்படியென்றால் நீங்கள் அணு உலைக்கு எதிர்ப்பாளரா?

இல்லை. எங்கள் நிலையத்துப் புகையையும் முப்பது வருடம் சுவாசித்தவன் நான்.

அண்ணே, என் மகன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறான். இந்தப் பக்கம் வர அவன் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

பம்பு வளைகோட்டைப் படிக்கச் சொல்லுங்கள், அதில் என்.பி.எஸ்.எச். கோட்டை எல்லோரும் தாண்டிப் போவார்கள், அவன் தாண்டக் கூடாது. கொஞ்சம் தண்ணீர் ரசாயனம். ஓடுகிற பம்பின் மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்து, அதன் பிடியைக் காதில் வைத்துக் கேட்கப் பழகட்டும். சனிக்கிழமை காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன். என்னிடம் ஒரு பழைய பம்பு இருக்கிறது, உறிஞ்சும் பக்கத்து வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி அந்தச் சரளைச் சத்தத்தைக் கேட்க வைக்கிறேன்.